வடக்குச் சுவரின் வெயில்

சித்திரை பிறந்து நாலைந்து நாளில், உச்சிவேளையில் கிணற்றடிக் கம்பத்துக்கு நிழலே விழுவதில்லை. திருச்சிராப்பள்ளிக்கு நேர் மேலே சூரியன் வந்து நிற்கும் நாள் அது. ஏப்ரல் 18, 19 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 24, 25 வாக்கில் இன்னொரு முறை. இடையிலுள்ள நான்கு மாதமும் நண்பகல் வெயில் நமக்கு வடக்கிலிருந்து விழுகிறது. பத்தடிச் சுவர் ஒன்று மார்கழி நண்பகலில் வடக்கே ஏறக்குறைய ஏழடிக்கு நிழல் போடும். அதே சுவர் ஆனியில் நிழலைத் தெற்கே மாற்றிப் போடும். அதுவும் இரண்டடிக்குச் சற்று மேல்தான்.

சீமைத் தோட்ட நூல்களில் நிழல்செடி என்றாலே வீட்டின் வடபுறம் என்று எழுதியிருப்பார்கள். அங்கே அது ஆண்டு முழுக்கச் சரி. ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சுவரை நம்பி நட்ட செடிக்கு, கத்திரியில் நண்பகல் வெயில் நேராகத் தலையில் இறங்கும். இந்த ஊரில் சுவர் தரும் நிழல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நிலைத்து நிற்பது மரம் தரும் நிழல் ஒன்றுதான். இங்கே நிழல்தோட்டம் போட நினைப்பவர் பூச்செடியை வாங்குவதற்கு முன்னால் நிழலைப் பயிரிட வேண்டும்.

*

தங்கை மகள் எடின்பரோவிலிருந்து படம் அனுப்புகிறாள். அவள் வீட்டின் பின்னால், பெரிய மரத்தடி ஈரத்தில், அஸ்டில்பி பூத்திருக்கிறது. கீழே பெரணி போலப் பிரிந்த இலைகள். மேலே வெளிர்சிவப்பிலும் வெள்ளையிலும் நிமிர்ந்த கதிர்கள். ஒவ்வொரு கதிரிலும் எண்ணி மாளாத பொடிப் பூக்கள். தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லாத பூ. சேர்ந்து நிற்கும்போது அந்த இருட்டு மூலையே தெளிந்துவிடுகிறது. “பெரியம்மா, தண்ணி ஒரு நாள் காஞ்சாலும் இலை ஓரமெல்லாம் கருகிடறது” என்கிறாள். அந்தச் செடியின் குணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதற்கு நிழல் வேண்டும், இலைமக்கு நிறைந்த மண் வேண்டும், வேரில் ஈரம் வற்றவே கூடாது. குளிர்காலத்தில் மேலே எல்லாம் மடிந்து, கிழங்கு மட்டும் குளிரில் உறங்க வேண்டும். முதல் மூன்றையும் எப்படியாவது கொடுத்துவிடலாம். அந்த உறக்கத்தை நம் ஊர் எந்த மாதத்திலும் தர முடியாது.

அதற்கு இந்தியாவிலும் சொந்த இடம் உண்டு. இமயத்தின் சரிவுகளில், ஓடைக்கரை ஈரத்தில், அஸ்டில்பி ரிவுலாரிஸ் என்ற இனம் காடாக வளர்கிறது. நேபாள மலைக் கிராமங்களில் அதன் கிழங்கைப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். அதைப் படித்தபோது நம் வீட்டுப் பிரசவ லேகியத்தில் சேரும் சித்தரத்தை நினைவுக்கு வந்தது. அதுவும் நிழல் பொறுக்கும் கிழங்குதான். மண்ணுக்கடியில் பதுங்கி வாழும் செடிகளிடம்தான் உடம்பு தேற்றும் சாரம் இருக்கும் என்று இரண்டு ஊர்ப் பெண்களும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

அஸ்டில்பி என்று அந்தப் பேரினத்துக்குப் பெயர் சூட்டியவர் பிரான்சிஸ் புக்கானன். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-இல், சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கொங்கு, மலபார் என்று நடந்து, ஊர் ஊராகப் பயிரையும் பாசனத்தையும் எழுதிவைத்த அதே மருத்துவர். காவிரியின் மேற்கரை ஊர்களைப் பார்த்த கையோடு 1802-இல் நேபாளம் போனார். அங்கே அவர் சேகரித்த செடிகளை வைத்து டேவிட் டான் 1825-இல் வெளியிட்ட நேபாளத் தாவர நூலில் அந்தப் பெயர் அச்சேறியது. இன்று தோட்டங்களில் நிற்கும் கலப்பினங்களில் பெரும்பங்கு, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ரோன்ஸ்டார்ஃபில் கெயோர்க் ஆரெண்ட்ஸ் என்ற நாற்றங்கால்காரர் பொறுமையாகச் சேர்த்துச் சேர்த்து உருவாக்கியவை.

அதைத் தொட்டியில் வைத்து, பனிக்கட்டி போட்டு, குளிரூட்டிய அறையில் காப்பாற்றிப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. ஒரு செடியை அதன் ஊரில் வைத்தே நேசிக்கலாம். அது அங்கே செய்யும் வேலையை இங்கே எந்தச் செடி செய்கிறது என்பதுதான் நான் தேடுவது.

*

நிழலில் எத்தனை வகை.

வேம்பின் நிழல் அசைந்துகொண்டே இருக்கும். காசு காசாக வெயில் சிந்தும். எந்த இலையிலும் நெடுநேரம் தங்காது. அதனடியில் நந்தியாவட்டை நன்றாகப் பூக்கிறது. முருங்கை நிழல் இருந்தும் இல்லாததும் போல; கீரைப் பாத்திக்கு ஏற்றது. தென்னையின் நிழல் கடிகார முள்ளைப் போல ஊர்ந்து போகும். காலையில் காப்பாற்றிய செடியைப் பிற்பகலில் கைவிட்டுவிடும். மா நிழல் கனமானது. அதன் கீழே பெரணியும் மஞ்சளும் சேம்பும் சரி, பூவை எதிர்பார்க்கக் கூடாது. புளிய மரத்தடியில் எதுவும் முளைக்காது என்று பெரியவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அங்கே கயிற்றுக்கட்டில் போட்டுக்கொள்ளலாம்.

வாழை நிழல் தனி. அதில் ஈரம் கலந்திருக்கிறது. மேலூர்ப் பக்கம் ஆற்றோர வாழைத்தோட்டத்துக்குள் மே மாத மதியத்தில் நுழைந்தால், வெளியே அடித்த அனல் காதோரத்தில் நின்றுவிடும். அகன்ற இலைகள் மண்ணிலிருந்து தண்ணீரை இழுத்து ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த ஆவி போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. தகரக் கூரையும் நிழல்தான், ஆனால் அது மூச்சு விடாது. கடையில் கிடைக்கும் பச்சை நிழல்வலையும் அப்படியே. ஐம்பது சதவீதம், எழுபத்தைந்து சதவீதம் என்று வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுக்கும். குளிர்ச்சியை அதனால் உண்டாக்க முடியாது. வலை கட்டியும் செடி வாடுகிறதே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, வலைக்கடியில் இரண்டு வாழைக்கன்று வையுங்கள் என்பதுதான்.

*

நிழலை அளந்து கொடுப்பதில் நம் வெற்றிலை விவசாயிகளுக்கு நிகரான தோட்டக்காரர்களை எந்த நாட்டிலும் தேட வேண்டும். பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக்கரைக் கொடிக்கால்களில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் அகத்தி விதைப்பார்கள். ஒன்றரை மாதம் கழிந்து அது நிமிர்ந்த பிறகுதான் வெற்றிலைக்கொடி மண்ணுக்கு வரும். கொடி ஏற ஏற அகத்தியோடு நாரால் தளர்வாகக் கட்டுவார்கள். அகத்தி பதின்மூன்று அடி வாக்கில் வளர்ந்ததும் தலையைக் கிள்ளிவிடுவார்கள். பக்கக் கிளைகளைக் கழிக்கும் அரிவாள்தான் வெளிச்சத்தின் அளவுகோல். வெயில் ஏறும் காலத்தில் கிளையை விட்டுவைப்பார்கள். மழையும் மூட்டமும் வந்தால் கழித்துத் திறந்துவிடுவார்கள். வெட்டிய தழை மாட்டுக்கு. பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால். உள்ளே நடப்பவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். அந்த மங்கல் பச்சை வெளிச்சம் அப்படிப் பேச வைக்கிறது.

கொடிக்காலுக்குள் நின்றபோது எனக்குப் புரிந்தது, நிழல் என்பது ஒரு பயிர். விதைத்து, கட்டி, கழித்து, தினமும் கவனித்து வளர்க்க வேண்டிய பயிர். வெற்றிலை அதற்குப் பின்னால் வருவது.

*

கனகாம்பரத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டும். எளிதாகக் கிடைப்பதால் அதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

தென்னிந்தியாவும் இலங்கையும் அதற்குச் சொந்த மண். அரைநிழலில் மகிழ்ச்சியாக இருக்கும். பச்சைச் செதில்கள் நான்கு வரிசையாக அடுக்கிய கதிர். அடியிலிருந்து பூக்கத் தொடங்கி மேலே ஏறும். ஒரு கதிரில் ஒரே நாளில் எல்லாம் விரிந்துவிடாது. அடி வரிசை முடிந்து அடுத்தது, அடுத்தது என்று வாரக்கணக்கில் போகும். பறிப்பவர்கள் அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெயில் ஏறுமுன் பறிக்கிறார்கள். இதழ் மெலிது, எடையே இல்லை. ஒரு கிலோ சேர்க்கக் கை எத்தனை முறை குனிந்து நிமிர வேண்டும் என்று பறிக்கும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். மணம் கிடையாது. மல்லிகை மாலைக்குள் வாடிவிடும்போது இது மறுநாளும் நிறம் மாறாமல் இருக்கும். மதுரைக்காரர்களுக்கு மல்லிகை இருக்கட்டும். நிழலில் நின்று நெருப்பு நிறத்தில் பூக்கும் இந்தப் பூவின் அமைதி எனக்குப் போதும்.

காய்ந்த கதிரை எறியாமல் வைத்திருந்து தண்ணீர் தெளித்தால், சில கணங்களில் ‘பட் பட்’ என்று காய் வெடித்து விதை தெறிக்கும். சிறுபிள்ளைகள் எச்சில் தொட்டு வைத்து வெடிக்கவிட்டு விளையாடுவார்கள். மழை வந்துவிட்டது, இனி மண்ணில் ஈரம் இருக்கும் என்று தெரிந்த பிறகே விதையை வெளியே அனுப்பும் தாய்ச்செடியின் ஏற்பாடு அது. டெல்லி கனகாம்பரம் என்று விற்கும் அடர்நிற வகைக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அது மும்மடியப் பயிர், விதை பிடிக்காது. தண்டை ஒடித்து நட்டுத்தான் பெருக்க வேண்டும். பூ பெரிது, விலையும் நல்ல விலை. ஆனாலும் கொல்லையில் விதையிலிருந்து தானே முளைத்து நிற்கும் நாட்டுச் செடிமேல்தான் என் மனம் போகிறது.

வேரில் நூற்புழு வந்தால் இலை வெளுத்து, செடி குன்றிவிடும். வேப்பம்பிண்ணாக்கை நடும் குழியிலேயே கலந்துவிடுவது நல்லது. தண்ணீர் தேங்கினால் வாடல்நோய் வரும். ஈரம் வேண்டும், தேக்கம் கூடாது. நிழலில் இந்த இரண்டையும் பிரித்து வைப்பதுதான் கடினம். வெயில் காய வைக்கும் வேலையை அங்கே யாரும் செய்வதில்லை. கொல்லை மண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு இலைமக்கு என்று கலந்தால் சரியாக வருகிறது. மேலே காய்ந்த சருகைக் கனமாக மூடாக்குப் போட வேண்டும். சருகைக் கூட்டி எரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குத் துக்கமாக இருக்கிறது. மரம் தன் காலடிக்கென்று இறக்கிய சாப்பாடு அது.

சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டில் கத்திரி நாட்களில் கனகாம்பரம் அருகிவிடும். “வெயிலுக்குச் செடி தாங்கல மாமி. மரத்தடியில வச்சவங்க ரெண்டு பேரு மட்டும் கொண்டாராங்க” என்றாள் பூக்காரம்மா. முழம் போடும்போதே சொன்னாள், கையை நிறுத்தாமல்.

*

விப்ரநாராயணர் திருமண்டங்குடியில் பிறந்து, அரங்கத்துக்கு வந்து, நந்தவனம் வைத்து, துளசியும் பூவும் பறித்துத் தொடுத்துக் கொடுத்தவர். தொண்டரடிப்பொடி ஆழ்வார் என்று உலகம் அழைக்கிறது. திருமாலையும் திருப்பள்ளியெழுச்சியும் பாடியவர். விடிகாலையில் இறைவனைத் துயிலெழுப்பும் பாட்டை ஒரு தோட்டக்காரர் பாடியதில் எனக்கு வியப்பே இல்லை. பூப்பறிப்பவருக்கு அந்த நேரத்தில் எல்லோரையும் எழுப்பத்தானே தோன்றும்.

திருமங்கை ஆழ்வார் மதில் எழுப்பியபோது, கோடு நேராகப் போனால் அந்த நந்தவனம் அடிபடும் என்று கண்டு, மதிலை ஒதுக்கிக் கட்டினார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் செய்தி. கோட்டையளவு மதில் ஒரு துளசிப் பாத்திக்காக வளைந்து போன ஊர் இது. அதை நினைத்துக்கொண்டுதான் நான் வீதிகளில் நடக்கிறேன். மதுரகவி நந்தவனத்திலிருந்து இன்றும் பெருமாளுக்கு மாலை போகிறது.

கோடையில் நம்பெருமாளுக்குப் பூச்சாற்று உற்சவம். கோடைத் திருநாள் என்றும் சொல்வார்கள்: ஐந்து நாள் வெளிக்கோடை, ஐந்து நாள் உள்கோடை. வெயிலையே உள்ளென்றும் வெளியென்றும் பிரித்துக் கொண்டாட ஸ்ரீரங்கத்துக்குத் தெரியும். சந்திரபுஷ்கரணிக் கரையில் தலவிருட்சமான புன்னை. தடித்த, மினுங்கும் இலை. ஒன்றன்மேல் ஒன்றாக மூடி, வெயிலை ஊசிமுனைக்கும் விடாது. பூவோ வெள்ளை, நடுவில் பொன்னிற மகரந்தக் குச்சம். குளத்தங்கரையில் அந்த நிழலில் ஒரு நாழிகை உட்கார்ந்தால் வேறு எதையும் கேட்கத் தோன்றாது. திருவானைக்காவில் அப்புத்தலம், வெண்நாவல் மரம், சன்னிதிக்குள் ஊறும் நீர். ஒரே தீவின் இரண்டு பெருங்கோயில்களும் ஒரு மரநிழலையும் அதனடி ஈரத்தையும் தங்கள் நடுவில் வைத்திருக்கின்றன.

*

புளியஞ்சோலை. துறையூர் வழியாகப் போய்க் கொல்லிமலை அடிவாரத்தில் இறங்கினால், ஓடை பாறைகளுக்கு நடுவே வளைந்து வருகிறது. பாறையின் ஈரப்புறத்தில் பெரணி. கையகல வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் காட்டுக் காசித்தும்பைபோல ஏதோ ஒன்று இளஞ்சிவப்பாக. புக்கானன் நேபாளத்து ஓடைக்கரையில் கண்ட காட்சியின் உறவுதான் இது. செடி வேறு, ஏற்பாடு ஒன்று. மரம், பாறை, நீர், மக்கு. நிழல்தோட்டம் போட விரும்புவோர் ஒரு முறை இங்கே வந்து, எந்தச் செடி பாறையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி கற்றுக்கொண்டுவிடலாம்.

திருச்சி புனித வளனார் கல்லூரியில், 1967-இல் ராபினாட் உலர்தாவரக் காட்சியகத்தை நிறுவிய அருட்தந்தை கே. எம். மேத்யூ இப்படித்தான் காடு மேடெல்லாம் நடந்தார். தமிழகத்தின் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைப் பற்றி அவர் எண்பதுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்த தொகுதிகள், நாம் வறண்டது என்று ஒதுக்கிய இந்தச் சமவெளியிலும் அடிவார மலைகளிலும் எத்தனை செடிகள் வாழ்கின்றன என்று காட்டின. அவற்றில் எத்தனையோ, பெரிய மரத்தின் காலடியில் மட்டுமே பிழைப்பவை. தலைக்கு மேலிருக்கும் மரம் போனால் வெட்டுப்படாமலே அவையும் போய்விடும்.

*

எங்கள் கிணற்றின் உள்சுவரில், கல் இடுக்குகளில், கருந்தண்டுப் பெரணி தொங்குகிறது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. வித்துத்தூள் காற்றில் வந்து, ஈரம் கண்ட இடத்தில் தங்கிவிட்டது. கிணற்றைத் தூர்த்து ஆழ்குழாய் போட்ட வீடுகளில் தண்ணீர் வருகிறது. இந்தத் தோட்டம் போய்விட்டது.

*

அஸ்டில்பியின் வேலையை இங்கே செய்வது எது என்று கேட்டேன் அல்லவா. கனகாம்பரம் ஒன்று. இன்னொன்று, எல்லோரும் ஃபுட்பால் லில்லி என்று சொல்லும் கிழங்குச் செடி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மார்கழி, தையில் இலை மடிந்து காணாமல் போய்விடும். சித்திரையில், ஊரே வெந்து கிடக்கும்போது, மாமரத்தடிச் சருகைத் தள்ளிக்கொண்டு புள்ளி போட்ட தண்டு மேலே வரும். தண்டின் தலையில் ஓர் உருண்டை. நூற்றுக்கணக்கான சிவந்த இழைகள், நுனியில் மஞ்சள் பொடி. சில நாளில் முடிந்துவிடும். அதன்பிறகு வரும் அகன்ற இலைகள் மழைக்காலம் முழுக்க நிழலைப் பசுமையாக வைத்திருக்கும். குளிரில் உறங்க வேண்டிய செடிக்கு நம் ஊர் இடம் தராது. வறட்சியில் உறங்கத் தெரிந்த இதற்கு நம் ஊர் நன்றாகவே பொருந்துகிறது. உறக்க மாதங்களில் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். கிழங்கு நஞ்சு; நாயோ கன்றோ தோண்டித் தின்னாத இடமாகப் பார்த்து நடவேண்டும்.

ஐப்பசி அடைமழைக்குக் காசித்தும்பை. புரட்டாசிக் கடைசியில் விதையைத் தூவினால் போதும். பிறகு கொல்லையின் வேலை நத்தைகளை அதிகாலையில் பொறுக்குவது. மனோரஞ்சிதம் வேலியோரம் நிழலில் ஏறிக்கொண்டிருக்கும். பச்சையாக இருக்கும்வரை இலைக்குள் ஒளிந்திருக்கும் பூ, மஞ்சளாகப் பழுத்ததும் மணத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் அந்தச் செடியோடு இருப்பதன் இன்பம். பார்த்துவிட்டால் பறிக்கக் கை போகும். நான் இரண்டு பூவை விட்டுவைக்கிறேன்.

*

பக்கத்து மனையில் பழைய வீடு போய் அடுக்குவீடு வருகிறது. வீதியிலிருந்து பின்தெரு வரை நீண்டிருந்த கொல்லை முழுவதும் கட்டடமாகிறது. அங்கே நின்ற மாமரம் எங்கள் பக்கத்துக்கும் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. மரம் இறங்கிய அன்று பிற்பகல், எங்கள் மஞ்சள் பாத்தியின் மேல் ஒருபோதும் படாத வெயில் விழுந்தது. மூன்றாம் நாள் இலை ஓரம் காய்ந்தது. வீடு கட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இருக்க இடம் எல்லோருக்கும் வேண்டும். கொல்லைப்பக்கம் ஆறடி மண்ணைச் சிமெண்டு பூசாமல் விட்டு, ஒரே ஒரு மரத்துக்கு இடம் வைக்கும்படி வரைபடம் போடுபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தீவில் இரண்டு ஆற்றுக்கு நடுவே இருந்தும் நாம் வெந்துகொண்டிருப்பதற்கு, ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் இருந்த அந்த ஆறடி போனதும் ஒரு காரணம்.

எல்லைச் சுவரோரம் புன்னைக் கன்று ஒன்று வைத்திருக்கிறேன். மெதுவாகத்தான் வளரும், அதன் நிழல் முழுதாக விழ ஆண்டுகள் ஆகும். அதுவரைக்கும் மேற்கே வரிசையாக அகத்தி விதைத்தாயிற்று. அடுத்த கத்திரிக்குள் அது வீட்டுக்கூரை உயரம் வந்துவிடும். அதனடியில் கனகாம்பரமும் மஞ்சளும் நிற்கும். புன்னை தலையெடுக்க எடுக்க அகத்தியை ஒவ்வொன்றாகக் கழித்துவிடலாம். அதற்குள் எத்தனையோ ஏகாதசி போகும். மறுநாள் துவாதசிப் பாரணையின் அகத்திக்கீரைக்கு இனி கீரைக்காரம்மாவுக்குக் காத்திருக்க வேண்டாம்.